வயித்துல காத்து

பசை அறையில் மின்விசிறி ஓடாது. கூரையில் மூன்று தொங்கின. இறக்கைகளில் விரலால் கோலம் போடலாம் என்கிற அளவுக்குத் தூசி. காற்று பட்டால் டின்னில் இருக்கிற பசை பால் மாதிரி ஆடை கட்டிவிடும். ஆடை கட்டிய பசையில் சோல் ஒட்டாது. ஒட்டாத ஷூ திரும்பி வந்தால் அது யார் தலையில் விடியும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் ஜன்னல்களும் சாத்தியே இருந்தன.

நீள மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். இடது கையில் சோலை எடுத்து, வலது கையில் பிரஷ்ஷை டின்னில் முக்கி, விளிம்பில் வழித்து, ஓரம் சுற்றி ஒரே இழுப்பு. தட்டில் வைத்துவிட்டு அடுத்த சோல். மேசையின் விளிம்பு சரியாக வயிற்றில் வந்து இடித்தது. இந்த மேசையைச் செய்தவன் கட்டாயம் ஆம்பளையாகத்தான் இருப்பான் என்று பெண்கள் சொல்வார்கள்.

அவர்களில் பழைய ஆள் பசையக்கா. பேச்சுக்கு நடுவே, சோலைப் பார்க்காமலே பிரஷ் ஓட்டுவாள். விரல்களில் காய்ந்த பசை மஞ்சள் தோலாகப் படிந்திருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அதை உரித்து எடுப்பாள். முழு விரலுக்கும் கிழியாமல் உறைபோல வந்துவிட்டால் அன்றைக்கு மகளுக்கு வெற்றி.

மதியத்துக்குள் பசையின் வாடை மூக்கு, தொண்டை, நாக்கு என்று இறங்கியிருக்கும். டப்பாவைத் திறந்தால் சோற்றிலும் அதே வாடைதான் வரும். "பசை இருக்கிற இடத்துல பசி இருக்காது" என்பது அந்த அறையின் பழமொழி. இன்னொன்றும் உண்டு. "முதலாளியும் பசையான ஆளு, நாமளும் பசையான ஆளுங்க. அவருக்குப் பையில, நமக்குக் கையில."

சாப்பாட்டு மணி அடித்தது. பசையக்காவுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்தவளை நெட்டை என்று கூப்பிடுவார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. அவள் டப்பாவைத் திறந்து இரண்டு வாய் தின்றுவிட்டு மூடினாள்.

"என்னடி, எலி கொறிச்ச மாதிரி?"

"போதும்க்கா. வயிறு ஒரு மாதிரி இருக்கு."

"என்ன மாதிரி?"

நெட்டை வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "காத்து" என்றாள்.

எதிரில் இருந்த இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள்.

அந்த அறையில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம். எப்போதோ ஒருத்தியின் வயிறு மேடிடுவதைப் பார்த்து சூப்பர்வைசர் என்னவென்று கேட்க, அவள் கண்ணைச் சிமிட்டாமல், "வயித்துல காத்து சார், பசை வாடைக்குச் சேரல" என்று சொல்லிச் சமாளித்தாளாம். அதற்குப் பிறகு அங்கே யாரும் உண்டாவதில்லை. காத்து பிடிக்கிறது, அவ்வளவுதான். "இந்த ரூம்ல காத்து வர்ற ஒரே இடம் இதுதான்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார்கள்.

காத்து பிடித்தவள் பழைய துணியை அடிவயிற்றில் இறுக்கிக் கட்டி அதற்கு மேல் ஏப்ரனை மாட்டிக்கொள்வாள். தண்ணீர் குடிப்பதைக் குறைப்பாள். அடிக்கடி கக்கூஸுக்குப் போனால் காட்டிக்கொடுத்துவிடும். சாப்பாட்டைப் பாதியாக்குவாள். பாதி தின்றால் பாதி வயிறுதான் தெரியும் என்பது கணக்கு. பிள்ளையும் சின்னதாக வந்தால் பிரசவம் சுலபம் என்று அனுபவஸ்தர்கள் ஆறுதலும் சொல்வார்கள். நெட்டையாக இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுக்கு வயிறு சீக்கிரம் முன்னால் தள்ளாது.

இத்தனை பாடும் எதற்கு என்றால், வாசலுக்கு மேலே பச்சை எழுத்தில் ஒரு பலகை இருந்தது. 'கருவுற்ற பெண்கள் பசைப் பிரிவில் பணிபுரியக் கூடாது. அவர்களுக்கு மாற்றுப் பணி வழங்கப்படும்.' முதல் வரி நடப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது வரியைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. வயிறு தெரிந்தவள் வீட்டுக்குப் போவாள். பெற்றுப் பிழைத்துத் திரும்பி வந்தால் அவளுடைய ஸ்டூலில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். "மாத்து வேலைன்னா வீட்டு வேலைதாண்டி" என்பார்கள்.

பசையக்காவுக்கும் ஒரு காலத்தில் காத்து பிடித்தது. கடைசி வாரம்வரை பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. மஞ்சள் காமாலை என்று சொல்லி லீவு போட்டு, பெற்றுக்கொண்டு, உடம்பு ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டாள். ஷூ டப்பாவில் கிடத்தலாம் போலப் பிறந்திருந்த பிள்ளையைப் பார்க்கப் போன பெண்கள், "அடேங்கப்பா, இதுதானா அந்தக் காத்து!" என்று கன்னத்தைத் தொட்டார்கள். அந்தப் பெயரே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் வேறு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அதை வாத்தியார்களைத் தவிர யாரும் சொல்வதில்லை.

அந்தக் காத்துதான் போன வாரம் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கும்போது மயங்கி விழுந்தாள்.

பன்னிரண்டு வயது. வாய் ஓயாது. எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். கொஞ்ச நாளாக இடுப்பு மட்டும் பெருத்து, கை கால் குச்சியாகவே இருந்தது. "பொண்ணு இப்பத்தான் சதை போடுறா" என்று அவளுடைய அப்பா சந்தோஷப்பட்டார். லாரியில் வெளியூர் போகிறவர். வரும்போது பார்க்கிறதுதான் அவருக்குத் தெரியும். தண்ணீரை மட்டும் பானை பானையாகக் குடித்தாள். கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை விழுந்திருந்தது. அழுக்கு என்று நினைத்து பசையக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் நார் போட்டுத் தேய்த்தாள்.

"தோலே வந்துரும்மா, விடு!"

"வரட்டும். கழுத்துல வண்டி மை பூசின மாதிரி வச்சுக்கிட்டு எப்படித்தான் பள்ளிக்கூடம் போறியோ."

நெட்டை டப்பாவை மூடிய மறுநாள் பசையக்கா மகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ரத்தம் எடுத்து, உட்காரச் சொன்னார்கள். பெஞ்சில் இடம் இல்லாமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்கள். ஆயா கதவைத் திறந்து ஒரு பெயரைக் கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். இன்னொரு தரம் கோபமாகக் கூப்பிட்டபோதுதான் பசையக்காவுக்கு உறைத்தது.

"ஏ காத்து, உன்னத்தான்!"

மகள் சட்டென்று திரும்பினாள். "என்னையா? என் பேரு அதுன்னு எனக்கே மறந்துபோச்சும்மா."

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசுதான். தூக்கம் இல்லாத கண். முதலில் கழுத்தைப் பார்த்தாள்.

"இதைத் தேச்சீங்களா?"

"அழுக்கு போகவே மாட்டேங்குதும்மா."

"அது அழுக்கு இல்லை. இனிமே தேய்க்காதீங்க. சர்க்கரை உடம்புக்கு அடங்காமப் போனா அப்படிக் கறுக்கும். இவளுக்குச் சர்க்கரை நோய் இருக்கு. பிரஷரும் வயசுக்கு அதிகம். வீட்ல என்ன தின்னக் குடுக்குறீங்க? மிட்டாய், பிஸ்கட், கலர் சோடா?"

"பிஸ்கட்டா?" பசையக்காவுக்குச் சுருக்கென்றது. "என்னம்மா இருக்குது எங்க வீட்ல, அள்ளிக் குடுக்க? சோறு, பருப்பு. மாசத்துல ரெண்டு தரம் முட்டை."

"எனக்கு மிட்டாய் குடுக்கிறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க டாக்டர், நான் போய்ப் பார்க்கிறேன்" என்றாள் காத்து.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் ஏதோ நினைத்தவள் போலப் பிறந்த எடையைக் கேட்டாள். பசையக்கா சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"குறை மாசமா?"

"இல்லை. நிறை மாசம்."

"அப்ப வயித்துலயே பத்தலை. பாருங்கம்மா, கருவுல இருக்கும்போது சாப்பாடு சரியா வரலன்னா அந்த உடம்பு கருமி மாதிரி ஆயிடும். வெளியில பஞ்சம்தான் போலன்னு நினைச்சு, கிடைக்கிறதையெல்லாம் பதுக்கி வைக்கக் கத்துக்கும். சிறுநீரகம், சர்க்கரையை அடக்குற உறுப்பு, இதெல்லாம் சிக்கனமாத்தான் வளரும். பொறந்தப்புறம் நாம சாதாரணமா சாப்பாடு போட்டாலே அதால தாங்க முடியாது. இது ஒண்ணாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, பரம்பரையும் இருக்கலாம். ஆனா இது பெரிய காரணம்." கொஞ்சம் நிறுத்தி, "என்ன வேலை பாத்தீங்க அப்போ?" என்றாள்.

"ஷூ கம்பெனியில பசை தடவுற வேலை."

"அந்த நெடியிலயா? வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டா?" டாக்டரம்மாவின் குரல் உயர்ந்தது. "அந்த நேரத்துல ஒழுங்கா சாப்பிட்டு வீட்ல இருந்திருக்கக் கூடாது? யாரு வேணாம்னாங்க?"

பசையக்கா வாயைத் திறந்தாள். யார் வேண்டாம் என்றது? அப்படிச் சொன்ன ஒரு ஆளைக்கூட அவளால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. சாப்பிடாதே என்று யாரும் தட்டைப் பிடுங்கவில்லை. பலகையில்கூட நல்ல வார்த்தைதான் எழுதியிருந்தது. பெற்ற பிள்ளையை வயிற்றிலேயே பட்டினி போட்டவள் என்ற பட்டம் மட்டும் அவளுக்கு வந்து சேர்ந்தது. ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல், மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"நான் வயித்துல இருக்கறப்போ உனக்குப் பசிக்கலையாம்மா?" என்று காத்து பஸ்ஸில் கேட்டாள்.

"பசிச்சுது."

"எனக்கும் பசிச்சிருக்கும்ல?"



மறுநாள் அவள் டப்பாவில் அவித்த முட்டை இரண்டு இருந்தன. மணி அடித்ததும் இரண்டையும் நெட்டையின் முன்னால் தள்ளினாள்.

"எதுக்குக்கா?"

"தின்னு. கேள்வி கேக்காதே."

"ஐயோ, வேணாம்க்கா. இப்பவே துணி இறுக்கமாட்டேங்குது. தின்னா ஊதிக்கிட்டு வரும்."

"வந்தா வரட்டும்டி!" அவள் போட்ட சத்தத்தில் மேசையே திரும்பிப் பார்த்தது. பசையக்கா குரலைத் தாழ்த்தி, டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். கழுத்துக் கறுப்பு, கருமி உடம்பு, இனி ஆயுசு பூராவும் மாத்திரை. "நாம காத்து காத்துன்னு சிரிச்சோம். அது உள்ளேயிருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கு."

நெட்டை அழவில்லை. அவள் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கை முறிந்து வீட்டில் கிடந்தான். "சரிக்கா. அப்ப நான் என்ன பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க. வீட்டுக்குப் போனாலும் அதே பட்டினிதான். இங்கயாவது பாதி வயித்துக்குக் கிடைக்குது" என்றாள்.

பசையக்காவின் கண் வாசலுக்கு மேலே போனது. இத்தனை வருஷமாகக் கேலிக்கு மட்டுமே படித்த பலகை. அன்றைக்கு முதல்முறையாக அதை நம்பிப் படித்தாள். எழுதித்தானே வைத்திருக்கிறான்? எழுதினதைக் கேட்டால் இல்லை என்று எப்படிச் சொல்வான்?

"நான் கேக்கட்டுமா? பேக்கிங்ல உக்காந்து அட்டை மடிக்கிற வேலை இருக்குல்ல. அங்க பசையும் இல்ல, விசிறியும் ஓடுது."

நெட்டை முட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பேரைச் சொல்லாமக் கேளுங்கக்கா" என்றாள். பிறகு ஒரு முட்டையைப் பிட்டு வாயில் போட்டாள்.

சூப்பர்வைசரைப் பெண்கள் கனைப்பு என்பார்கள். கெட்ட சேதி எதுவானாலும் அதற்கு முன்னால் அவருக்குத் தொண்டை கரகரக்கும். பசையக்கா போய் நின்றபோது அவர் கனைக்கவில்லை. அதுவே அவளுக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

"சார், அந்தப் பலகையில மாத்து வேலைன்னு போட்டிருக்கே. ஒருத்தருக்குத் தேவைப்பட்டா குடுப்பீங்கதானே?"

"ஏன், உனக்கா?" என்று சிரித்தார்.

"எனக்கு இல்ல சார். பொதுவாக் கேக்குறேன். பேக்கிங் மாதிரி ஏதாச்சும்."

"ஏம்மா, பலகையில எழுதினது என்ன விளையாட்டுக்கா? ரூல்ஸ்னா ரூல்ஸ்தான். நீ கேட்டது நல்லதாப் போச்சு. நான் மேல பேசிட்டுச் சொல்றேன்."

பசையக்கா துள்ளாத குறையாகத் திரும்பி வந்தாள். "பேசுறாராம்டி" என்றாள். நெட்டை இரண்டாவது முட்டையையும் தின்றாள்.

மறுநாள் காலை யாரையும் ஸ்டூலில் உட்கார விடவில்லை. சுவரோரம் வரிசையாக நிற்கவைத்தார்கள். ஆபீஸிலிருந்து ஒரு அம்மாள் கையுறை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். கனைப்பு இரண்டு தரம் கனைத்தார்.

"எல்லாரும் ஏப்ரனைக் கழட்டுங்க. உங்க நல்லதுக்குத்தான். வயித்துப் புள்ளைக்கு இந்த நெடி ஆகாது. அதுல கம்பெனி ரொம்பக் கவனமா இருக்கு."

அந்த அம்மாள் ஒவ்வொருத்தியின் இடுப்பையும் தடவிக்கொண்டே வந்தாள். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைத்தான் பார்ப்பார்கள். நெட்டையிடம் வந்ததும் கை நின்றது. துணி முடிச்சு கையில் தட்டுப்பட்டது. அதை அவள் எல்லார் முன்னாலும் அவிழ்த்தாள். சுற்றுச் சுற்றாகத் துணி தரையில் விழ, இத்தனை மாதம் நெருக்கிக் கட்டியிருந்த வயிறு மெல்ல வெளியே வந்தது. நெட்டை இரண்டு கையாலும் அதை மறைத்துக்கொண்டாள்.

"பை எடுத்துக்கிட்டுக் கிளம்பும்மா" என்றார் கனைப்பு.

"சார்!" பசையக்கா வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டாள். "மாத்து வேலை குடுக்குறேன்னீங்களே! பலகையில ரெண்டு வரி இருக்கு சார். ஒரு வரியை மட்டும் எப்படிப் படிச்சீங்க?"

"குடுக்க மாட்டேன்னு யாரு சொன்னா? இப்ப இடம் காலி இல்ல. காலியானா சொல்லியனுப்புவோம். நீதானேம்மா கேட்டே? கேட்டதைத்தான் செஞ்சிருக்கோம்."

"இத்தனை வருஷமா இந்த நெடியில எத்தனை புள்ளைங்க சார்? அப்பல்லாம் உங்க கவனம் எங்க போச்சு? என் வீட்ல ஒண்ணு இருக்கு, வந்து பாருங்க!"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப நீயும் மறைச்சு வச்சுத்தான் வேலை பார்த்தியா? அதுவும் ரூல்ஸ்படி தப்பு. அந்தப் பேச்சை எடுத்தா உன் ஸ்டூலும் போயிடும். மாத்திரை வாங்கணும்ல, போய் உக்காரு."

அவர் வாயில் மாத்திரை என்ற வார்த்தை எப்படி வந்தது என்று அவள் யோசிக்கவில்லை. அந்த அறையில் சுவருக்கும் காது உண்டு. கால்கள் தாமாகவே மேசைப் பக்கம் போயின. நெட்டை துணியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு அவளைக் கடந்து போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "முட்டைக்கு நன்றிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு யாரும் பசையக்காவிடம் பேசவில்லை. எதிர் ஸ்டூல்காரி மட்டும், "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாப் போச்சு" என்று பிரஷ்ஷிடம் சொன்னாள். இனி மாதாமாதம் தடவிப் பார்ப்பார்களாம். அதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து அந்த எதிர் ஸ்டூல்காரியும் டப்பாவைத் திறக்கவில்லை என்பதை பசையக்கா கவனித்தாள். அவளுக்கும் காத்துதான். இரண்டு மாதம்.

பிறகு ஒருநாள் மகளுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து திரும்பினார்கள். பஸ் போகாத குறுக்குத் தெரு. இரண்டு பக்கமும் தகரக் கொட்டகைகள். பெரிய கம்பெனி வெளியே கொடுக்கிற வேலையை எடுத்துச் செய்கிறவர்கள். அங்கே பலகையும் இல்லை, ஜன்னலும் இல்லை. திறந்த கதவு வழியாகப் பசை வாடை தெருவுக்கே வந்தது. காத்து தண்ணீர் பாட்டிலைக் குடித்துக்கொண்டே முன்னால் போனாள். குத்திக் குத்தி ரத்தம் எடுத்த விரலைத் தனியாக நீட்டி வைத்திருந்தாள்.

"இந்த விரல்ல பசை உறை போட்டா ஊசி இறங்காதுல்லம்மா?"

"பேசாம வழியைப் பாத்து நட."

எதிர்ப்பக்கக் கொட்டகையின் வாசலில் ஷிப்டுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் எல்லார் தலைக்கும் மேலே ஒரு தலை தெரிந்தது. பசையக்கா நின்றுவிட்டாள். முகம் ஒட்டிப்போயிருந்தது. கன்னத்தில் எலும்பு தெரிந்தது. மேலே தொளதொளவென்று புருஷனின் சட்டை. உள்ளே துணியை எவ்வளவு இறுக்கியிருந்தால் அந்த வயிறு அந்த அளவுக்கு அடங்கும் என்று பசையக்காவுக்குத் தெரியும். கூப்பிடலாம் என்று கையைத் தூக்கியவள், கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியாமல் இறக்கிக்கொண்டாள். போன தடவை பேசியதால்தான் அவள் இந்த வரிசையில் நிற்கிறாள்.

வாசலில் இருந்த ஆள் நெட்டையை ஏற இறங்கப் பார்த்தான். சட்டைக்கு நேராகப் பேனாவை நீட்டினான்.

"ஏம்மா, என்ன வயித்துல?"

நெட்டை சிரித்தாள். அந்தப் பழைய சிரிப்பேதான். தெருவுக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"காத்துண்ணே!"

முன்னால் போய்க்கொண்டிருந்த மகள் பாட்டிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சட்டென்று திரும்பினாள்.

"என்ன? யாரு கூப்பிட்டது?"